எல்லோரும் கூப்பிட்ட கச்சேரி

முன்பொரு சமயம், கப்பல் வந்து போகிற ஓர் ஊரில் நான்கு வாத்தியங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. தவில், ஹார்மோனியம், சங்கு, கிளாரினெட். பாடகர் கிடையாது. பாய்மரக் காலத்துக் கப்பல்காரர்களும் கரைவலைக்காரர்களும் பாடிய பாட்டுகளைச் சொல்லில்லாமல் வாசிக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் ஆசை.

கிளாரினெட்டுக்கு மட்டும் ஆசையோடு ஒரு பயமும் இருந்தது. குழுவில் சேருமுன் அது பல வருஷம் ஒரு பரணில், பூட்டிய பெட்டிக்குள் கிடந்தது. இருட்டில் ஒரு வாத்தியத்துக்கு என்ன வேலை? தன் சத்தத்தைத் தானே நினைத்துப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான். கடற்கரையில் நடக்கப்போகும் முதல் கச்சேரியில் கூட்டம் எழுந்து போய்விட்டால் குழு கலைந்துவிடும். மறுபடி அந்தப் பெட்டிதான்.

கச்சேரிக்கு அவை எடுத்துக்கொண்டது படகைக் கரைக்கு இழுக்கிற அம்பாப் பாட்டு. அதில் ஒருவன் அடியெடுத்துக் கூப்பிடுவான். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று பதில் சொல்லும்போதே குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து கயிற்றை இழுப்பார்கள். கூப்பிடுவது ஒரு வாய். இழுப்பது அத்தனை கை.

"கூப்பிடுறது நான்தான்," என்றது சங்கு. "கடலுக்குள்ளேயே பொறந்தவன் இங்க வேற யாரு?"

"பொறந்தா ஆச்சா? உனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சத்தம்," என்றது ஹார்மோனியம்.

"அக்காவுக்கு மூச்சு விடவே யாராவது கை குடுக்கணும்," என்று தவில் சிரித்தது. "நான் கூப்பிட்டா அடுத்த ஊருக்கே கேக்கும்."

"அடுத்த ஊர்க்காரன் அடிக்க வருவான் அண்ணே," என்றது கிளாரினெட். "விடுங்க, நான் கூப்பிடுறேன். நீங்கல்லாம் பதில் சொல்லுங்க."

மூன்றும் சரி என்றன. சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் உள்ளுக்குள் வேறு கணக்குப் போட்டன.

சாயங்காலம் பலகை மேடைக்கு முன்னால் மணலில் கூட்டம் சேர்ந்தது. கிளாரினெட் முதல் அடியை எடுத்தது. பதில் வரவேண்டிய இடத்தில் சங்கு தன் பங்குக்கு ஒரு அடியைக் கூப்பிட்டது. அதன் மேல் ஹார்மோனியம் ஏறியது. அதன் மேல் தவில். கிளாரினெட்டும் விடவில்லை, தொண்டை கிழியக் கூப்பிட்டது.

கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த பிரகாசியம்மாள் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி லூர்தம்மா, வா போவோம். எல்லாவனும் கூப்பிடுதான், ஒருத்தனும் இழுக்கக் காணோம். இப்படிப் போனா படகு கிறிஸ்மஸ் வரைக்கும் தண்ணிக்குள்ளதான் கெடக்கும்."

சுற்றிலும் சிரித்தார்கள். இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

கிளாரினெட்டுக்குப் பரணின் வாசனையே வந்துவிட்டது. இன்னும் உரக்கக் கூப்பிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தன் சத்தம் தனக்கே, அந்தப் பெட்டிக்குள் கேட்ட மாதிரி கேட்டது. பதில் இல்லாத சத்தம். இத்தனை பேர் பக்கத்தில் இருந்தும்.

அது நிறுத்திக்கொண்டது. சங்கின் அடுத்த அடி முடியும்வரை காத்திருந்தது. பிறகு, தாழ்ந்த இரண்டே ஸ்வரத்தில் பதில் சொன்னது.

சங்கு திடுக்கிட்டது. "ஏய், என்ன பண்ற?"

"இழுக்கறேன். நீ கூப்பிடு."

"ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான். சீக்கிரம் கூப்பிடு, பாரமா இருக்கு."

சங்குக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனாலும் கூப்பிட்டது. இந்த முறை பதிலில் ஹார்மோனியமும் இருந்தது.

"தள்ளு தம்பி, உன் இடுப்பு ஒடிஞ்சிடப் போவுது," என்றது.

அடுத்த பதிலுக்குத் தவில் வந்து விழுந்தது. மேடைப் பலகை குலுங்கியது.

கொஞ்ச நேரத்தில் சங்குக்கு மூச்சு வாங்கியது. "வேற யாராவது கூப்பிடுங்கப்பா!"

"நீயே கூப்பிடு," என்றது தவில். "எங்களுக்கு இங்க வேலை இருக்கு."

பாட்டு முடிந்தது. கைதட்டல் உடனே வரவில்லை. கிளாரினெட் பயந்துகொண்டே கூட்டத்தைப் பார்த்தது.

போவதற்கு எழுந்த பிரகாசியம்மாள் எழுந்த இடத்திலேயே நின்றிருந்தாள். உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது. இரண்டு குதிகாலும் மணலுக்குள் புதைந்திருந்தன.