தும்பிக்கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும்

காட்டுக் குளம் வற்றிச் சேறாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் யானைக் கூட்டம் ஆற்றுக்குக் கிளம்பியாக வேண்டும். ஆனால் தலைவி யானையின் குட்டியால் நடக்க முடியவில்லை. அதன் முன்னங்காலில் மூங்கில் சிராய் ஒன்று ஏறி, மூன்று நாளாகச் சீழ் கட்டியிருந்தது. தாய் கிளம்பினால் குட்டி புலிக்கு இரை. தாய் நின்றுவிட்டால் கூட்டமே தாகத்தில் சாகும்.

வைத்தியம் பார்க்க மரங்கொத்தி வந்தது. மரத்துக்குள் ஒளிந்த புழுவையே இழுத்துப் போடும் அலகு அதற்கு. சிராய் எம்மாத்திரம்?

தாய் குட்டியிடம் குழைந்தது. "கண்ணு, மரங்கொத்தி மாமா சும்மா பார்க்கத்தான் வந்திருக்கார். துளிகூட வலிக்காது. கண்ணை மூடிக்கோ, விளாம்பழம் தர்றேன்."

குட்டி கண்ணை மூடியது. பெற்றவள் சொன்ன பொய்யாயிற்றே, நம்பாமல் என்ன செய்யும்? அலகு பட்டதும் வலி உச்சந்தலைக்கு ஏறியது. குட்டி அலறிக் காலை உதறிய வேகத்தில் மரங்கொத்தி பாறையில் போய் விழுந்தது. நல்லவேளை, இறக்கை ஒடியவில்லை. குட்டியோ காலை வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு படுத்துவிட்டது. அம்மா எவ்வளவு கெஞ்சியும் காட்டவில்லை.

"நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிங்க!" என்று மரங்கொத்தி இரைந்தது.

"அமுக்கினா இன்னும் உதறும். சிராய் உள்ளேயே ஒடிஞ்சிடும்," என்றது தாயின் முதுகில் இருந்த உண்ணிக்கொக்கு. யானைகளுக்கு உண்ணி பொறுக்கி, புண்ணைச் சுத்தம் செய்வது அதன் வேலை. அது கீழே இறங்கிக் குட்டியின் முகத்துக்கு நேரே நின்றது.

"வலிக்குமா?" என்று கேட்டது குட்டி.

"வலிக்கும். நல்லாவே வலிக்கும். சிராய் வெளியே வந்துட்டா குறையும்."

தாய் குறுக்கிட்டது. "ஏன் பிள்ளையைப் பயமுறுத்துறே?"

கொக்கு திரும்பிப் பார்க்கவில்லை. "தாங்க முடியலேன்னா தும்பிக்கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவோம். மறுபடி எப்போ இழுக்கணும்னு நீதான் சொல்லணும்," என்றது.

குட்டி வெகுநேரம் யோசித்தது. பாதையில் கூட்டம் நிலைகொள்ளாமல் நின்றது. கடைசியில் மடக்கிய கால் மெல்ல வெளியே வந்தது.

மரங்கொத்தி இழுத்தது. சிராய் பாதி வந்துவிட்டது. அப்போது பார்த்துக் குட்டியின் தும்பிக்கை மேலே போனது.

"பாதிக் கிணறு தாண்டியாச்சு. இன்னும் ஒரே இழுப்பு!" என்றது மரங்கொத்தி.

"நிறுத்து," என்று கொக்கு அலகுக்கும் காலுக்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுத்தது.

"பொழுது சாயுது. குழந்தை பேச்சைக் கேட்டுட்டு நிக்கிற நேரமா இது?" என்று தாய் பதறியது.

"இப்போ நிறுத்தலேன்னா, இனி நம்ம யார் பேச்சையும் இது நம்பாது."

எல்லோரும் நின்றார்கள். சூரியன் மரக்கிளைக்குக் கீழே இறங்கியது. குட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"நிஜமாவே நிறுத்திட்டீங்க," என்றது. பிறகு மூச்சை இழுத்துவிட்டுத் தும்பிக்கையை இறக்கியது. "சரி, இப்போ இழுங்க."

சிராய் வந்தது, சீழும் வந்தது. குட்டி ஓவென்று அழுதது. அழாதே என்று யாரும் அதட்டவில்லை. கொக்கு புண்ணைச் சுத்தம் செய்து முடித்ததும் குட்டி தானாகவே எழுந்து நின்றது.

கூட்டம் கிளம்பியது. குட்டி நொண்டிக்கொண்டே கேட்டது. "அம்மா, ஆறு பக்கத்துலதானே?"

'இதோ வந்துடும்' என்று சொல்லத்தான் தாய் வாயைத் திறந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டது.

"தூரம்தான் கண்ணு. விடியிற வரைக்கும் நடக்கணும். கால் வலிச்சா தும்பிக்கையைத் தூக்கு. நான் நிப்பேன்."

வலிக்காது என்று ஏமாற்றியவர்களிடம் மடங்கிக்கொண்ட கால், வலிக்கும் என்று உண்மையைச் சொல்லி, கொடுத்த வாக்கைக் காப்பவர்களிடம் தானே நீளும்.