நிழலரசன் வழி தவறிய கதை

முன்னொரு காலத்திலே, மேற்குக் கடலில் மழை ஓயாத ஒரு தீவு இருந்தது. அந்த ஊரில் வருஷம் என்பது வெளிச்சப் பாதி, இருட்டுப் பாதி என்று இரண்டுதான். வெளிச்சப் பாதி முடிந்து இருட்டுப் பாதி பிறக்கிற நாளில், பொழுது சாய்ந்ததும், ஊர்க்கோடிக் குன்று கதவுபோலத் திறக்கும். நிழலரசன் வெளியே வந்து ஓர் உயிரைக் கொண்டுபோவான். அந்தப் பயத்தில் ஜனங்கள் அடுப்பில் விறகை இன்னும் திணித்து எரிப்பார்கள்.

ஒரு வருஷம், மாடு மேய்க்கும் முய்ரென் என்பவளின் மகள் ஓர்னாவை அவன் கொண்டுபோனான். முய்ரென் பின்னாலேயே ஓடினாள். குன்றின் வாசலில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது.

"பெண்ணே, அவன் வீட்டில் தீ கிடையாது. உங்கள் அடுப்பு வெளிச்சம்தான் அவனுக்கு வழி காட்டுகிறது" என்றது அது. "அடுப்பை அணை. முகத்தை மறை. உள்ளே போனால் உன் பேரைச் சொல்லாதே."

முய்ரென் வீடு திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அணையாத தீ அது. தண்ணீரை ஊற்றினாள். சாம்பலை முகத்தில் பூசி, மாட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு குன்றுக்குள் போனாள்.

உள்ளே செத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் நீ என்று நிழலரசன் கேட்டான்.

"குளிரில் வந்தவள்."

மறுபடி கேட்டான்.

"இருட்டில் வந்தவள்."

மூன்றாம் முறையும் கேட்டான்.

"இழந்து வந்தவள்."

தன் கூட்டத்தாள் என்று நம்பி அவன் விலகினான். மகளின் கையைப் பிடித்தாள் முய்ரென். பக்கத்தில், மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போன அவள் புருஷன் ரோனன் இருந்தான். அவனுக்கும் கையை நீட்டினாள்.

"நான் செத்தவன், முய்ரென். பிள்ளையைக் கூட்டிப்போ" என்றான் அவன்.

பேர் காதில் விழுந்ததும் நிழலரசன் எழுந்தான். தாயும் மகளும் ஓடினார்கள். அடுப்பை அணையுங்கள் என்று வீட்டுக்கு வீடு கதறிக்கொண்டே ஓடினார்கள். ஒவ்வொரு வீடாக இருண்டது. துரத்தி வந்தவன் வயல் நடுவே திசை தெரியாமல் நின்றான். விடிந்ததும் வயலில் மூடுபனிதான் இருந்தது. அவன் அப்புறம் வரவேயில்லை.

ஊரார் மலையுச்சியில் புதுத் தீ மூட்டி, வீட்டுக்கொரு கொள்ளி எடுத்துப்போனார்கள். அதுமுதல் வருஷந்தோறும் அந்த நாளில் அடுப்பை அணைப்பார்கள், முகத்தை மறைப்பார்கள், புதுத் தீ வாங்குவார்கள். அந்தப் பண்டிகைக்கு அவர்கள் பாஷையில் 'சவ்வின்' என்று பேர்; கோடை முடிவு என்று அர்த்தம்.

குன்று மட்டும் அந்த நாளில் திறந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த வருஷம் முய்ரென் கதவைத் தாழிடாமல், ரோனனுக்கென்று ஒரு நாற்காலி போட்டு, கூழ் வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் கூழ் அப்படியே இருந்தது.

நாற்காலியைத் தொட்டுப் பார்த்த ஓர்னா, "அம்மா, ஈரமாக இருக்கிறது" என்றாள்.

அந்த விரலை வாயில் வைத்தாள். உப்புக் கரித்தது.