மூன்று பிரதியில் ஒரு பாஸ்வேர்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையில் பாதியை இப்போதே மழித்துவிடுங்கள்!

செண்பகவல்லி அரசாங்க உதவித்தொகையில் கணினிப் பாதுகாப்பு படித்தவள். அதற்கு ஈடாக மூன்று வருஷம் அரசு அலுவலகத்தில் உழைத்தும் முடித்துவிட்டாள். மேலதிகாரி ஆளவந்தார் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் விடுதலை. போடாவிட்டால் இன்னும் மூன்று வருஷம்.

"நீ இங்க என்னத்தக் கிழிச்சே?" என்றார் அவர். "என் கம்ப்யூட்டரைத் தொடாம, நாளைச் சாயங்காலத்துக்குள்ள என் பாஸ்வேர்டைச் சொல்லு. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

"சரிங்க ஐயா" என்று போனவள் ஒரு சுற்றறிக்கை அடித்தாள். எல்லா அதிகாரிகளும் தங்கள் பாஸ்வேர்டை மூன்று பிரதிகளில் எழுதித் தர வேண்டுமாம். மேலே முழ நீளத்துக்கு ஒரு எண், 'மிக அவசரம்' என்று சிவப்புச் சீட்டு. அடியில் கையெழுத்தே கிடையாது. அதை அவருக்குப் போகும் தபால் கட்டுக்குள் செருகிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஆளவந்தார் தொப்பையைத் தடவிக்கொண்டே, "என்னம்மா, தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது ஐயா. டீக்கடை அண்ணனுக்குக்கூடத் தெரியும்."

"எப்படி?"

"எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் பதிலோட ஒரு பிரதியை அறிவிப்புப் பலகையில ஒட்டச் சொல்றது உங்க வழக்கமாச்சே!"

அலறியடித்து ஓடினார். பலகை முன்னால் ஊரே நின்று சிரித்தது. பச்சை மைக் கையெழுத்து, வட்ட முத்திரை, நடுவில் பாஸ்வேர்டு: 'ஆளவந்தார்தான்ராஜா'.

சான்றிதழுக்கும் மூன்று பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள் செண்பகவல்லி.

சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், ஐயா. என் பென்ஷன் ஃபைல் இன்னும் அவர் மேஜையில்தான் கிடக்கிறது.