சுண்ணாம்பு பூசிய குருசு

பங்கிராஸ் வாத்தியார் ஊரெல்லாம் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகுதான் ஜெபிக்கக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான பங்குச் சாமியாரிடம் சீடராகச் சேர்ந்தார். ஜெபம் வந்ததோ இல்லையோ, கல்லறைத் தோட்டத்தில் கடலைப் பார்த்து நின்ற ஊரார் குருசு என்று சொல்லும் மூன்று பழைய கற்சிலுவைகள் அவரைப் பிடித்துக்கொண்டன.

நடுக்குருசில் மட்டும் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. பத்து நாள் உட்கார்ந்து மூங்கில் சீவலால் சுரண்டினார். உள்ளே வட்டெழுத்து! சாத்தன் தோமா என்று ஒரு வணிகனின் பெயர். அறுநூறு வருஷத்துக்கு முந்தியது. மனுஷனுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

செத்தவர்களின் குருசுக்கு வெள்ளையடித்துத் திரி கொளுத்தும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் காலையில், ஊர் விதவை பிலோமி சுண்ணாம்பு வாளியோடு வந்து நடுக்குருசின் முன்னால் நின்றாள். வாத்தியார் குறுக்கே பாய்ந்தார்.

“இது உன் புருசன் குருசு இல்லம்மா. யாரோ ஒரு வியாபாரிக்கு வச்சது. இனி ஒரு சொட்டு சுண்ணாம்பு இதுல படக்கூடாது.”

“அவிய குருசு இல்லன்னு எனக்குத் தெரியாதா வாத்தியாரே? கடல்ல போயி பதினோரு வருசம். உடம்பு கெடைக்கல்ல. குழி இல்லாதவளுக்கு இந்தக் குருசுதான்னு மாமியார் காட்டித் தந்தாவ. மாமனாருக்காவ அவியளும் இதுக்குத்தான் பூசினாவ. நாளைக்கு நான் எங்க போயி திரி கொளுத்த?”

வாத்தியார் பிடியை விடவில்லை. போய்ச் சாமியாரைக் கையோடு அழைத்து வந்தார்.

“பாவம்தான் சாமி. அதுக்காக உண்மைய மூடி வைக்க முடியுமா? நீங்களே அவகிட்ட சொல்லுங்க.”

“சொல்லிரலாம். மத்த ரெண்டு குருசுலயும் யாரு பேரு இருக்கு?”

“அதுல ஒண்ணும் இல்ல சாமி. வெறுங்கல்லு.”

“கண்ண மூடிட்டுத் தடவிப் பாருங்க.”

வாத்தியார் தடவினார். விரலுக்கடியில் மேடும் பள்ளமுமாக ஏதோ ஓடியது. அழுத்தினால் கல் மணலாக உதிர்ந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

“இதுலயும் எழுத்து இருந்திருக்கு சாமி. உப்புக்காத்து தின்னு தீர்த்துட்டுது.”

சாமியார் நடுக்குருசைத் திரும்பிப் பார்த்தார்.

“அதே காத்துதானே சாமி? நடுவுல உள்ளது மட்டும் எப்படித் தப்பிச்சுது?”

“இந்த ரெண்டையும் ஒருத்தியும் தன் புருசன்னு நெனைக்கல்ல, வாத்தியாரே.”