மணி அடிக்காத விதி

"மேடம், நான் எழுதின விதி வேலை செய்ய மாட்டேங்கு" என்றார் மாசிலாமணி.

"விதி யாருக்குத்தான் அண்ணாச்சி சரியா வேலை செய்யுது?" என்றான் பக்கத்து நாற்காலியிலிருந்த இசக்கி.

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. திருநெல்வேலியில் ஓர் இணைய நிறுவனத்தின் கண்காணிப்பு அறை அது. அவள்தான் அங்கே தலைமை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்பதால் அவள் இல்லாத நேரத்தில் எல்லோருக்கும் அவள் 'சாமியாரம்மா'.

மாசிலாமணி ஐம்பதைத் தாண்டிய பிறகு அவளிடம் தொழில் கற்க வந்தவர்.

"எந்த விதி?"

"மலை எஸ்டேட் நெட் லைனுக்குப் போட்டது. வேகம் பத்துக்குக் கீழ போனா மணி அடிக்கணும். நேத்துக் காலைல பூரா லைன் செத்துக் கிடந்திருக்கு. இங்க திரையில எல்லாம் சரின்னு பச்சை. மலையிலேருந்து ஆள் இறங்கி வந்து ஏசின பிறகுதான் நமக்கே தெரியும்."

"என்ன பாத்தீங்க?"

"அடைப்புக்குறியப் பாத்தேன், காற்புள்ளியப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அறையில் யாருடைய போனோ ஒலித்தது. மாசிலாமணியின் கை சட்டைப்பைக்குப் போனது. எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார்.

"யாரை எதிர்பாக்கீங்க?"

"மகனை. கனடாவுல படிக்கான்."

"பேசுவாரா?"

"கிளம்புத அன்னைக்கு நாந்தான் சொன்னேன். ஏதாவது பிரச்சினைன்னா மட்டும் கூப்பிடு, சும்மா சும்மா கூப்பிடாதேன்னு." சிரிக்கப் பார்த்தார். "சொன்ன சொல் தட்டாத பிள்ளை. கூப்பிடவே இல்ல. அப்போ நல்லா இருக்கான்னுதானே மேடம்? இந்த மனசுதான் கேக்க மாட்டேங்கு."

மெஹருன்னிசா மேசைக்கடியிலிருந்து ஒரு சோதனை ரவுட்டரை எடுத்து வைத்தாள்.

"உங்க விதிய இதுக்குப் போடுங்க."

போட்டார்.

அவள் வேகத்தை மெல்லக் குறைத்தாள். பத்துக்குக் கீழே இறங்கியதும் மணி அலறியது. இசக்கி காதைப் பொத்திக்கொண்டான்.

"அடிக்குதே!" என்றார் மாசிலாமணி, குழந்தை மாதிரி.

அவள் வேகத்தை ஏற்றினாள். மணி நின்றது. பிறகு ரவுட்டரின் கேபிளை ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

காத்திருந்தார்கள்.

டீ வந்தது. ஆறியது. மேலே ஆடை படிந்தது.

திரை பச்சையாகவே இருந்தது.

"ஏன் மேடம் அடிக்கல? வேகம் இப்போ பூஜ்யம்தானே? பத்துக்குக் கீழதானே?"

"பூஜ்யம்னு யாரு சொன்னா?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்தார். வேகம் காட்டும் கட்டத்தில் பூஜ்யம் இல்லை. எதுவுமே இல்லை.

"பூஜ்யம் வந்தா அடிச்சிருக்கும் அண்ணாச்சி. ஒண்ணுமே வரலையே. விதி எதை எடுத்து பத்தோட ஒப்பிடும்?" என்றான் இசக்கி.

"அப்போ இந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்?"

அவள் பிடுங்கிய கேபிளின் நுனியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க."

மாசிலாமணி அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டது. கேபிளை மேசையில் போட்டுவிட்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, விதிய யாரு திருத்த?" என்றான் இசக்கி.

அவர் காதில் அது விழவில்லை. வராந்தாவுக்குப் போய்ப் போனை எடுத்தார். கனடாவில் இப்போது என்ன நேரம் என்று கணக்குப் பார்க்கவில்லை.

மணி போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா?" தூக்கம் கலைந்த குரல். "என்னப்பா, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்லடே."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

மறுமுனையில் மூச்சு கேட்டது. அவனும் போனை வைக்கவில்லை.