பத்து மாடும் பத்து ஆகாவும்

ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் ஊருக்கே காய்ச்சல் காணும் முன்னொரு காலத்தில், ஒரு மன்னருக்குக் கோயிலில் ஆயிரம் விளக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதுவும் மறுநாள் மாலையே! அதற்குப் பத்துக் குடம் நல்லெண்ணெய் வேண்டும்.

ஊரில் பத்துச் செக்குகள் இருந்தன. ஆனால் அந்த வருஷம் மாட்டு நோய் வந்து ஒன்பது செக்குமாடுகள் செத்துப்போயின. ஓடிக்கொண்டிருந்தது காளத்தி என்ற வாணியனின் செக்கு மட்டும்தான். நாளுக்கு ஒரு குடம் எண்ணெய் தரும்.

பண்டகசாலை அதிகாரி பெத்தபெருமாள் எழுந்தார். “மகாராஜா, ஒரு மாட்டுக்கு ஒரு குடம் என்றால் பத்து மாட்டுக்குப் பத்துக் குடம். அரண்மனை மாடுகள் ஒன்பதைக் காளத்தியின் செக்கில் கூடுதலாகப் பூட்டுவோம். எண்ணெய் குறைந்தால் அவனை நாடு கடத்துவோம்.”

அரசவை விகடகவி கோனேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன வாய்! பெத்தபெருமாள் இதற்காகவே காத்திருந்தார்.

“சிரித்தவரே பொறுப்பேற்கட்டும் மகாராஜா. குறைந்தால் இருவரும் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் மன்னர்.

வாசலில் நின்ற காளத்தி அழுதே விட்டான். “சாமி, எத்தனை மாடு பூட்டினாலும் உரல் ஒண்ணுதானுங்களே! ஒண்ணு காலை ஒண்ணு மிதிச்சில்ல சாகும்!”

கோனேரி மன்னர் முன் வந்தான். பவ்யமாகக் குனிந்தான். “அதிகாரியின் கணக்கை முதலில் அவரிடமே சோதிக்க உத்தரவு வேண்டும் மகாராஜா. ஓர் அதிரசத்துக்கு ஓர் ‘ஆகா’ என்றால் பத்துக்குப் பத்து ஆகா வர வேண்டும். சத்தம் குறையக் கூடாது.”

மன்னர் தலையசைத்தார். அதிரசத் தட்டு வந்தது.

பெத்தபெருமாளின் முதல் ஆகாவில் கூரைப் புறாக்கள் பறந்தன. இரண்டாவதும் பழுதில்லை. நான்காவதுக்கு “ம்” என்றார். ஆறாவதுக்கு ஏப்பம். ஏழாவதைக் கையில் வாங்கியதும் தூணைக் கட்டிக்கொண்டார்.

“ஏன், அதிரசம் கெட்டுவிட்டதா?” என்றார் மன்னர்.

“அதே அதிரசம்தான் மகாராஜா. வாய் ஒன்றுதானே இருக்கிறது!” என்றார் பெத்தபெருமாள்.

சபை கொல்லென்று சிரித்தது. கோனேரி தட்டில் மிஞ்சியவற்றைக் காவலர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். ஒவ்வொருவரும் சொன்ன ஆகாவில் புறாக்கள் மறுபடியும் பறந்தன.

“பார்த்தீர்களா மகாராஜா? தின்பவனுக்கும் செய்பவனுக்கும் கணக்கு ஒன்றுதான். ஒரே வாயில் திணித்தால் ருசி தேயும். ஒரே செக்கில் பூட்டினால் எண்ணெய் தேயும். சும்மா கிடக்கிற ஒன்பது செக்குக்கும் ஒவ்வொரு மாட்டை அனுப்புங்கள்.”

மறுநாள் மாலை பத்துக் குடமும் கோயில் வாசலில் வந்து இறங்கின. ஆயிரம் விளக்கும் எரிந்தன. காளத்தி ஆனந்தத்தில் மறுபடியும் அழுதான்.

மன்னர் மகிழ்ந்துபோய்ப் பத்துப் பட்டுச் சால்வைகளை வரவழைத்தார். ஒன்றைப் போர்த்தியதுமே கோனேரி கையெடுத்துக் கும்பிட்டான்.

“போதும் மகாராஜா. இருப்பது ஒரே உடம்பு. இரண்டாவது போர்த்தினால் வேர்க்கும். மீதி ஒன்பது சால்வையையும் நீங்களே வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒன்பது மாட்டையும் வாணியர்களுக்கே விட்டுவிடுங்கள்.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தபடி மாடுகளைக் கொடுத்தார். “இந்தச் சந்தோஷத்துக்கு எல்லோருக்கும் அதிரசம் கொடுங்கள்!” என்று உத்தரவும் போட்டார். பெத்தபெருமாளை மட்டும் அங்கே காணவில்லை.