கனண்ட்ரமும் கழுதையும்

முன்னொரு காலம். குன்றமங்கலத்தை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஒரு கிறுக்கு மட்டும் உண்டு. அவையில் யாராவது "தெரியாது" என்றால் போச்சு. மொட்டை, கரும்புள்ளி செம்புள்ளி, கழுதை மேல் ஏற்றி நாடு கடத்தல்.

ஆகவே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது. தெரியாத நோய்க்கும் வைத்தியர் மருந்து கொடுத்தார். மந்திரி அம்பலவாணரின் தம்பி அப்படித்தான் செத்தான்.

ஒருநாள் பர்ட்டன் என்ற சீமை வியாபாரி வந்தான். தமிழ் நன்றாகவே பேசுவான். ராஜா போட்ட விடுகதைக்குத் தலையைச் சொறிந்துவிட்டு, "கனண்ட்ரம்!" என்றான்.

ராஜா அவையைப் பார்த்தான். "அதற்கு என்ன பொருள்? எங்கே பிறந்த சொல்? சரியாகச் சொன்னால் இந்த முத்துமாலை."

பர்ட்டன் துரையையே கேட்டிருக்கலாம். கேட்டால், தெரியாது என்று ஆகிவிடுமே!

சிங்காரக் கவிராயர் துள்ளி எழுந்தார். மந்திரி பதவி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "வெற்றி முழக்கம், பிரபு! தங்கள் பாட்டனார் போர்க்களத்தில் போட்டது. பயந்தோடிய சீமைக்காரன் கப்பலில் கொண்டுபோய்விட்டான்."

ராஜா பூரித்தான். "மந்திரி, நீர் என்ன சொல்கிறீர்?"

"தெரியாது."

சாமரம் வீசியவள் கை அந்தரத்தில் நின்றது. ராஜா வெற்றிலை மெல்ல மறந்தான்.

"என்ன சொன்னீர்?"

"தெரியாது, பிரபு."

"ஐயோ, காது கூசுகிறது! கழுதையைக் கொண்டுவாருங்கள்!" என்றார் கவிராயர்.

கழுதை வந்தது. கத்தியோடு நாவிதரும் வந்தார்.

"போகிறேன். அதற்கு முன் ஒன்று." மந்திரி துரையிடம் திரும்பினார். "நீரே சொல்லும். பொருள் என்ன, பிறப்பு எது?"

"அவிழாத சிக்கலை அப்படிச் சொல்வோம். பிறப்பு எங்கள் பண்டிதர்களுக்கே தெரியாது. மாணவர்கள் விளையாட்டாகக் கட்டிவிட்டது என்று ஒரு பேச்சு. சாட்சி இல்லை."

"பண்டிதர்களே தெரியாது என்றார்களா!" ராஜா அலறினான். "மொட்டை அடிக்கவில்லையா?"

"எதற்கு?" துரைக்கு அதைவிட அதிர்ச்சி.

"பிரபு, 'தெரியாது' என்பதுதான் சரியான விடை," என்றார் மந்திரி. "சரியாகச் சொன்னவனுக்கு மாலை. தெரியாது என்றவனுக்குக் கழுதை. எனக்கு எது?"

மாலை போட்டால் சட்டம் போச்சு. கழுதையில் ஏற்றினால் நியாயம் போச்சு. ராஜா மாலையைப் பார்த்தான், கழுதையைப் பார்த்தான்.

"எனக்கே தெரியலையே, ஐயா!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். நாவிதரின் கத்தி 'ணங்' என்று தரையில் விழுந்தது.

"பயப்படாதீர்கள் பிரபு. இதற்குப் பெயர்தான் கனண்ட்ரம்," என்றார் மந்திரி.

ராஜா விழித்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். மாலை மந்திரி கழுத்துக்குப் போனது. சட்ட ஓலை கழுதை முதுகில் ஏறியது.

அன்றே வைத்தியர் ஒரு நோயாளியிடம், "எனக்கு விளங்கவில்லையப்பா, மேலூர் வைத்தியரைப் பார்," என்றார். அவன் பிழைத்தான்.

ஊர் எல்லைவரை கழுதையைப் பிடித்துப் போக வேண்டியவர் கவிராயர்.

"என்ன கவிராயரே, கழுதையோடு ஊர்வலம்?" என்று தெருவில் கேட்டார்கள்.

"தெரியாது," என்றார்.